பப்பாளிச் சாற்றுக்கு ரத்தப் பரிசோதனை

எங்கள் சார் காலை வேளையில் பூஜ்யத்தைப் பார்க்க மாட்டார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆய்வகம் நடத்துகிறவர், பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்கிறவர், இரண்டு முறை விமானம் ஏறிக் கருத்தரங்குகளுக்குப் போய்வந்தவர். ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் அன்றைய முதல் எண்ணாகப் பூஜ்யத்தைக் காட்டிவிட்டால் அந்த நாளே விளங்காது என்று அப்படிப்பட்டவர் நம்பினார். அவருடைய அப்பாவுக்கு சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் மளிகைக் கடை. முதல் போணி கைராசிக்காரரிடம்தான் ஆக வேண்டும், விலை மட்டும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆள் முதலில் படியேறிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அந்த மளிகைக் கடையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து, சிதம்பரத்தில் ஆய்வகம் என்று போர்டு மாட்டியிருந்தார்.

மெஷினை ஆன் செய்ததும் அதுவே ஒருமுறை தன்னைக் கழுவிக்கொண்டு, வரிசையாகப் பூஜ்யங்களைக் காட்டும். அது அதன் வழக்கம், யாராலும் தடுக்க முடியாது. அந்த இரண்டு நிமிடம் சார் வராந்தாவுக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்தபடி நிற்பார். உள்ளே வந்ததும் எங்களில் நல்ல வாட்டசாட்டமான ஓர் ஆய்வு மாணவர் விரலை நீட்டுவார். அவருக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை எப்போதும் மூன்று லட்சத்தைத் தாண்டும். அவர் ரத்தத்தை ஓட்டி அந்த எண் வந்த பிறகுதான் எங்களுக்கு நாள் தொடங்கும். அவர் விரல் நுனி சல்லடை மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அதில் பெருமை வேறு.

நான் 2009இல் அங்கே சேர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் திட்டக்குடிப் பக்கம் மிஷன் பள்ளியில் வாத்தியார்கள். நான் கடலூர் முதுநகரில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். அக்கா புருஷன், அதாவது மாமா, ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். டிப்ளமோ படித்தவர். வேதத்துக்கு அடுத்தபடி அவருக்குப் பேப்பர்தான். பேப்பரில் வந்துவிட்டால் அது நடந்தது, வராவிட்டால் நடக்கவில்லை.

ஆய்வகத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அடிபட்டால் ரத்தம் உறைவதற்கு ரத்தத்துக்குள் மிதக்கிற மிகச் சிறிய துணுக்குகள்தான் காரணம். அவற்றுக்குப் பெயர் பிளேட்லெட், தமிழில் தட்டணு. டெங்குக் காய்ச்சலில் இவை மளமளவென்று இறங்கும். ரொம்ப இறங்கினால் ஈறிலிருந்தும் வயிற்றுக்குள்ளும் ரத்தம் கசியத் தொடங்கும். வேறொருவர் உடம்பிலிருந்து எடுத்து ஏற்றலாம். ஆனால் எடுத்ததைச் சில நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே பிளேட்லெட்டை ஆய்வகத்திலேயே வளர்த்துவிட முடியுமா என்று உலகத்தில் பல பேர் முயன்றுகொண்டிருந்தார்கள். பிரசவத்தில் தொப்புள்கொடியோடு வீணாகப் போகிற ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் உண்டு. எந்த ரத்த அணுவாகவும் மாறக் காத்திருக்கிற மூலச் செல்கள் அவை. அவற்றைப் பிரித்து, தக்க ஊக்கி மருந்து கொடுத்து வளர்த்தால் சில பெரிய செல்களாகப் பருத்து, ஓரங்களில் பிய்ந்து பிய்ந்து பிளேட்லெட்டுகளை உதிர்க்கும். அந்த ஊக்கி மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், யானை விலை. அதற்குப் பதிலாகப் பப்பாளி இலைச்சாற்றை ஊற்றிப் பார்க்கலாம் என்பது சாருடைய யோசனை.

யோசனையில் தப்பே இல்லை. இதை இன்றைக்கும் சொல்வேன். இலைகளிலிருந்து எத்தனையோ மருந்துகள் வந்திருக்கின்றன. ஊற்றிப் பார்ப்பது வேறு, ஊற்றியதும் கிடைத்துவிட்டது என்று குதிப்பது வேறு. சார் இலையைக் கொதிக்க வைப்பதற்கு முன்னாலேயே குதிக்கத் தொடங்கியிருந்தார்.

தொப்புள்கொடி ரத்தத்தைக் கடலூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது என் பொறுப்பு. முதுநகரில் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினால் மீன் என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்வார்கள். நான் வழக்கமாகப் போகிற தனியார் பஸ்ஸின் கண்டக்டர் மட்டும் முதல் நாளே கேட்டார்.

"என்னா மேடம், வஞ்சிரமா?"

"இல்லண்ணே, ரத்தம்."

அவர் திடுக்கிடவில்லை. "எனக்கு ஓ பாசிட்டிவ் மேடம், வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தார். அன்றிலிருந்து பெட்டியைத் தன் சீட்டில் வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வருவார். ஆலப்பாக்கத்தில் ஏறுகிற கூட்டம் அதன் மேல் சாய்ந்தால் சத்தம் போடுவார்.

சாறு எடுக்கிற கூத்தைச் சொல்ல வேண்டும். இலை கீரப்பாளையத்தில் ஒரு குறிப்பிட்ட மரத்திலிருந்துதான் வர வேண்டும். "அந்த மண்ணுக்கு வீரியம் ஜாஸ்திம்மா" என்பார் சார். எந்த மண்ணையும் அவர் பரிசோதித்ததில்லை. அந்த மரம் அவருடைய மாமனார் தோட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான். செல்களுக்கு ஊற்றுகிற எதுவும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள வடிகட்டியில் இறங்கித் தூசி தும்பில்லாமல் வர வேண்டும். பப்பாளிச் சாறு அந்த வடிகட்டியை இரண்டே நொடியில் அடைத்துவிடும். அதற்கு சார் கண்டுபிடித்த வழி, அந்த வடிகட்டியையே விட்டுவிடுவது. சாதாரண வடிதாளில் வடித்து, கிருமி வராமல் இருக்க ஆன்டிபயாட்டிக்கை இரண்டு பங்காக ஊற்றச் சொன்னார். பச்சையும் பழுப்புமாகக் கலங்கிய அந்தத் தண்ணீரில் பாவம் செல்கள் மூச்சுத் திணறிக் கிடந்தன. நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பருத்த பெரிய செல் ஒன்றுகூட இல்லை. செத்த செல்கள் இருந்தன, துகள்கள் இருந்தன.

ஆனால் மெஷினில் ஓட்டினால் பிளேட்லெட் ஏராளமாகக் காட்டியது. தாயே இல்லாமல் பிள்ளைகள் மட்டும் பிறந்திருந்தன. சார் கை தட்டினார். வாட்டசாட்டக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

"சார், செல் போடாம வெறும் சாறு மட்டும் ஒரு டியூப் ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். இது ஒன்றும் மேதாவித்தனமான கேள்வி இல்லை. அதில் பூஜ்யம் வந்தால்தான் மற்ற டியூப்பில் வந்த எண்ணை நம்பலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அதுல என்ன வரும்?"

"பூஜ்யம் வரணும் சார்."

"பூஜ்யம்னு தெரியுதுல்ல? அப்புறம் வேணும்னே போயி அதை வரவழைச்சிப் பாக்கணுமா? நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷின்ம்மா."

காலையில்தானே போணிக் கவலை, சாயங்காலமாவது ஓட்டலாமே என்றேன். ராசி கெட்டால் எந்த நேரத்தில் கெட்டாலும் கெட்டதுதானாம். மூன்று வருடம் அந்த ஆய்வகத்தில் ஒரு ஆள்கூட அந்த டியூப்பை ஓட்டவில்லை. அத்தனை பட்டதாரிகள், அத்தனை வெள்ளைக் கோட்டுகள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பல நாள் பாத்ரூமில் போய் நிஜமாகவே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரியும் கடலையும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்வரை எதையும் யாரும் தொடக் கூடாது. ஆனால் செல்களுக்கு அன்றைக்கும் பசிக்கும், அவற்றின் திரவத்தை யாராவது மாற்றித்தான் ஆக வேண்டும். வேதக்காரப் பெண்ணுக்கு ஆயுத பூஜை ஏது என்று அந்த வேலையை வருடா வருடம் என் தலையில் கட்டிவிடுவார்கள். நான் செல்களுக்குச் சாப்பாடு கொடுத்தேன். பிறகு மாலையை ஒதுக்கி, மெஷினை ஆன் செய்தேன். ஃபிரிட்ஜிலிருந்து வெறும் பப்பாளிச் சாற்றை எடுத்து, ஒரு சொட்டை உப்புநீரில் கலந்து ஓட்டினேன்.

பூஜ்யம் வரவில்லை. நாங்கள் டீ குடித்துக் கொண்டாடிய அதே அளவு பிளேட்லெட், வெறும் சாற்றில் இருந்தது. மெஷினுக்குக் கண் இல்லை. ஒரு துளை வழியாகப் போகிற துணுக்குகளின் பருமனைப் பார்த்து, இவ்வளவு சின்னதா, அப்படியானால் பிளேட்லெட் என்று எழுதிக்கொள்ளும். மண்டியில் மிதந்த இலைத்தூளை அது மூன்று வருடமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த வேலை நாளில் சாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பூஜையில வெச்ச மெஷின ஓட்டுனா அது சரியாவா காட்டும்?"

"திரும்ப இன்னைக்கு ஓட்டலாம் சார்."

ஓட்டவைத்தேன். வாட்டசாட்டக்காரர் விரலை நீட்டி முடித்த பிறகு, கைராசியெல்லாம் சரியாக அமைந்த நேரத்தில், சார் கண் முன்னாலேயே ஓட்டினேன். அதே எண். சார் தாளின் மேல் குனிந்து எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. மூன்று வருட உழைப்பு மண்ணாகப் போனால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? அவர் மெல்ல நிமிர்ந்தார். முகம் சூரியன் மாதிரி இருந்தது.

"அப்ப இலையிலயே பிளேட்லெட் இருக்குதும்மா!"

நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடவில்லை. செடிக்கு ரத்தம் கிடையாது சார் என்றேன். "நமக்குத் தெரிஞ்சவரைக்கும் கிடையாது" என்றார். அந்த வாக்கியத்தை அவர் சொன்ன தோரணையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கொஞ்ச நாளில் ஒரு நிருபர் வந்தார். டீயும் மெதுவடையும் சாப்பிட்டார், மெஷினுக்குப் பக்கத்தில் சாரை நிறுத்திப் படம் பிடித்தார். 'பப்பாளி இலையில் ரத்தத் தட்டணு: சிதம்பரம் விஞ்ஞானி சாதனை' என்று வந்தது. ஸ்டெம் செல்லைப் பற்றி ஒரு வரி. மிச்சமெல்லாம் சாற்றை எப்படிப் பிழிவது என்பது. மாமா அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"அது பொய் மாமா. இலைத்தூளை மெஷின் தப்பா எண்ணுது."

"ஏ மச்சினிச்சி, ஒனக்கு ஒங்க சாரு மேல எதோ காண்டு. பேப்பர்காரன் சும்மாவா போடுவான்?"

அந்த வருடக் கடைசியில் வந்த புயலில் கீரப்பாளையத்து மரம் சாய்ந்தது. கடலூரே கூரையில்லாமல் கிடந்தபோது சார் ஒரு மரத்துக்காகத் துக்கம் காக்கிற மாதிரி ஆள் ஆளாகப் பிடித்துப் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே போகவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் என் ஒரிஜினல் சான்றிதழ்களெல்லாம் அவர் பீரோவில் இருந்ததால் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம், 2012இல், எங்கள் பக்கம் டெங்கு பரவியது. மாமாவுக்கு வந்தது. நாலைந்து நாள் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். அப்போதுதான் பிளேட்லெட் இறங்கியது. மஞ்சக்குப்பத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். பதினெட்டாயிரம் என்று வந்தது. இருக்க வேண்டியது ஒன்றரை லட்சத்துக்கு மேல். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார், "பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோயிடுங்க. இங்க ஏத்துறதுக்கு வசதி இல்ல. லேட் பண்ணாதீங்க."

மாமா அசையவில்லை. "நம்ம வீட்டுப் பொண்ணு லேபுலயே கண்டுபுடிச்சிருக்காங்க, நான் எதுக்குப் பாண்டிக்குப் போறேன்?" என்று படுத்துக்கொண்டே டாக்டருக்குப் பாடம் எடுத்தார். அக்கா முந்தின நாளிலிருந்து வேளைக்கு ஒரு டம்ளர் சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாந்தி கறுப்பாக இருந்தது. சாறு கறுத்துப்போய் வருகிறது என்று அவர்களாகவே முடிவு செய்து, கழுவி ஊற்றிவிட்டு மறுபடி கொடுத்திருக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தபோது பேசினில் இருந்ததைப் பார்த்தேன். பச்சைச் சாறு அப்படிக் காப்பித்தூள் மாதிரி திரியாது. அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம்.

"அக்கா, இது ரத்தம். உள்ள கசியுது. இன்னைக்கே போவணும்."

"அவுரு மாட்டேங்கறாருடி. நீ வேற பயமுறுத்தாத. சாறு ஒடம்புல புடிக்க ரெண்டு நாளாவும்னு பேப்பர்லயே போட்டிருக்கு."

எத்தனையோ சொன்னேன். எதுவும் ஏறவில்லை. கடைசியில் அவள் கையிலிருந்த சாற்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு கீழே லேபுக்குப் போனேன். அங்கே இருந்தவள் என்னோடு பி.எஸ்ஸி. படித்தவள். எங்கள் ஆய்வகத்தில் இருந்த மாதிரியே ஒரு மெஷின். ஒரு சொட்டுச் சாற்றை உப்புநீரில் கலந்து ஓட்டச் சொன்னேன். மெஷின் கெட்டுவிடும் என்று அலறினாள். நானே கழுவித் தருகிறேன் என்று கெஞ்சினேன். ஓட்டினாள். சாற்றுக்குப் பிளேட்லெட் அறுபதாயிரம்.

"பாத்தியா அக்கா? இலைக்குப் போய் ரத்தம் இருக்குமா? மெஷின் தூளை எண்ணுது."

அக்கா அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அப்ப மாமாவ விட இதுல ஜாஸ்தி இருக்குல்ல. இன்னும் ரெண்டு டம்ளரா குடுத்தா?"

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். சாருக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். அவர் பட்டம் வாங்கிய முட்டாள், இவள் பட்டம் வாங்காத முட்டாள். அப்போது என் தோழியின் மேசையில் அவள் பாதி குடித்து வைத்திருந்த டீ கண்ணில் பட்டது. பாலில் மிதக்கிற கொழுப்புத் துளிகளையும் இந்த மெஷின் விட்டுவைக்காது.

"இதை ஓட்டு."

"அடிப்பாவி, டீயையா?"

"ஒரே ஒரு சொட்டு."

அவள் என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டாள். பைத்தியத்தோடு வாதம் எதற்கு என்று அதையும் கலந்து ஓட்டினாள். மெஷின் கொஞ்சமும் கூச்சப்படாமல் டீக்குப் பிளேட்லெட் மூன்று லட்சத்துக்கு மேல் என்று அடித்துத் தள்ளியது. எங்கள் ஆய்வகத்துக் கைராசிக்காரர் தோற்றார்.

தாளை அக்கா கையில் கொடுத்தேன். "இது முக்குக் கடை டீ. மாமா தினமும் நாலு டீ குடிக்கிற ஆளு. அப்ப அவருக்கு ஏன் எறங்குச்சு, சொல்லு."

அக்கா தாளைப் பார்த்தாள், டீயைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்லக் கோணியது. சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். அழுதுகொண்டே, "வண்டி சொல்லுடி" என்றாள். மாமா ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்றபோது, எங்கள் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைப் பார்த்து வாயை மூடுங்க என்று கத்தினாள்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. அவர்களிடம் கையிருப்பு இல்லை, கொடுப்பதற்கு ஆள் கொண்டுவாருங்கள் என்றார்கள். மாமாவுக்கு ஓ பாசிட்டிவ். மாமாவின் தம்பிகளில் ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு ஊசி என்றால் மயக்கம். கம்பெனிக்காரர்கள் ஷிப்ட் முடிந்து வருகிறோம் என்றார்கள். எனக்குக் கண்டக்டர் ஞாபகம் வந்தது. அவர் நம்பர் என்னிடம் இருந்தது, பெட்டியோடு போகிற நாளில் பஸ் எங்கே வருகிறது என்று கேட்பதற்காக வாங்கி வைத்தது. போன் செய்தபோது அவர் புதுச்சத்திரத்தில் இருந்தார். டிரைவரிடம் பையைக் கொடுத்துவிட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறி, அந்தக் காக்கிச் சட்டையோடேயே வந்து நின்றார். ரத்தத்தை ஒரு கையிலிருந்து எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புகிற மெஷின். இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார். உதடு மரத்துப்போகிறது மேடம் என்றார், அவ்வளவுதான். வெளியே வந்ததும் நான் வாங்கித் தந்த ஜூஸைக் குடித்துவிட்டு, கடைசி டிரிப்பைப் பிடித்துவிடலாம் என்று ஓடினார். மாமா எந்த வார்டில் இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

வாய்க்கால் தண்ணீர் மாதிரி மஞ்சளாக ஒரு பை. அதை ஏற்றினார்கள். கசிவு நின்றது. அடுத்த நாட்களில் கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். எண்ணிக்கை தானாகவே ஏறத் தொடங்கியது. மாமா பிழைத்தார். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமா ஆரம்பித்துவிட்டார். சர்ச்சிலிருந்து பார்க்க வந்தவர்களிடம், "அந்தச் சாறு மட்டும் இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன். உள்ள போயி மெதுவா வேலை செஞ்சிருக்கு" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். டீயின் எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்தவள், கையால் பிடித்தவள்.

"உசிரோட இருக்காருல்ல, உடேன்" என்றாள் அக்கா. வந்தவர்களுக்குச் சாறு பிழிகிற விதத்தையும் சொல்லிக்கொடுத்தாள்.

நான் ஆய்வகத்தை விட்டு நின்றுவிட முடிவு செய்தேன். சான்றிதழ்களை வாங்கப் போன அன்று மாமாவும் கூட வருவேன் என்று கிளம்பினார். கையில் ஒரு பொன்னாடை. சாருக்குப் போர்த்தினார். சார் கூச்சப்படுகிற மாதிரி நடித்தார்.

"எவ்ளோலேர்ந்து எவ்ளோ ஏறுச்சி?"

"பதினெட்டாயிரத்துல கெடந்தேன் சார். இப்ப ரெண்டு லட்சம்."

"பாத்தியாம்மா?" என்று சார் என் பக்கம் திரும்பினார். வாட்டசாட்டக்காரர் போனில் படம் பிடித்தார். மாமா, சார், சந்தனப் பொட்டு கலையாத மெஷின். நான் டீயைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். டீயிலும் பிளேட்லெட் இருக்கிறது என்று அடுத்த வாரம் பேப்பரில் வந்துவிடும் என்று பட்டது. சான்றிதழ்களை எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது அதே பஸ்தான். மாமா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தன் புராணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பி.முட்லூர் வருவதற்குள் பாதி பஸ் அவர் பக்கம் திரும்பிவிட்டது. கொழுந்து இலையா, முற்றின இலையா, காம்பைக் கிள்ள வேண்டுமா என்று சந்தேகம் கேட்டார்கள். கண்டக்டரும் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுக் கம்பியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, ஒங்களக் காப்பாத்துனது சாறு இல்ல. இவுருதான். இவுரு பிளேட்லெட்டத்தான் ஒங்களுக்கு மொதல்ல ஏத்துனாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

மாமா கண்டக்டரை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் மாமாவை எனக்குப் பிடித்திருந்தது.

"தம்பி, நீங்களா? ரொம்ப நன்றி தம்பி. ரெண்டும் சேந்துதான் வேலை செஞ்சிருக்கு."

உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இந்த ஜனங்களுக்காகவா ஒருவர் ஆராய்ச்சி செய்ய வேண்டும், கெட்டுத் தொலையட்டும் எல்லாரும் என்று நினைத்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் என் பக்கம் வந்து குனிந்தார்.

"மேடம், அந்தச் சாறு சின்னப் புள்ளைங்களுக்கு எவ்ளோ குடுக்கணும்? பொண்ணுக்கு நாலு நாளா காய்ச்சலு. இன்னைக்குக் காலையிலதான் உட்டுது."

காய்ச்சல் விட்ட நாள். மாமாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"சாறெல்லாம் வேணாண்ணே. மொதல்ல ரத்த டெஸ்ட் எடுக்கணும். உடனே. ஒங்க பிளேட்லெட்டுதாண்ணே அவரக் காப்பாத்துச்சி. நீங்களே போயி இதைக் கேக்கறீங்களே."

அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்தார்.

"அது சரி மேடம். ஆனா நான் குடுத்தது வெறும் ரத்தம்தான? சாறு மருந்தாச்சே. பேப்பர்லயே வந்திருக்குன்றாரு."

அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபப்பட முடியவில்லை. முதுநகரில் மாமாவை மட்டும் இறக்கிவிட்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டார், ஒரு ரத்த டெஸ்ட்டுக்கு என்றேன். திருப்பாதிரிப்புலியூரில் கண்டக்டருடைய வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு, சான்றிதழ்ப் பையை மடியில் வைத்தபடி அதே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் போனில் மனைவியிடம் பப்பாளி இலை பறித்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.